எரேமியாவின் கடிதமும் தேயிலை மலையும்

மலபார்க் கடற்கரையிலிருந்து 1603ஆம் ஆண்டில் நீலகிரி மலைமேல் ஏறிய ஜாகோமே பெனிசியோ என்னும் இத்தாலிய இயேசு சபைத் துறவி, அங்கே தாம் காணப்போவது இன்னதென்று முன்னரே நிச்சயம் செய்துகொண்டு புறப்பட்டவர். அப்போஸ்தலனாகிய தோமாவின் வழிவந்த கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியார் ஏதோ ஒரு காலத்தில் அம்மலைக் காடுகளுக்குள் புகுந்து, குருவுமின்றிக் கிரந்தமுமின்றித் தங்கள் மார்க்கத்தையே மறந்து வாழ்கிறார்கள் என்றொரு செய்தி மலபார்த் திருச்சபையில் வழங்கி வந்தது. மறைந்துபோன அந்த மந்தையைக் கண்டு மீட்பதே அவருடைய யாத்திரையின் நோக்கம். வழியறியாத காடுகளைக் கடந்து மேலேறிச் சென்றவர் கண்டதோ எருமை மந்தைகளோடு வாழும் தோடர்களையும், மலைச் சரிவுகளில் பயிரிடும் படுகர்களையுமே. சிலுவையும் இல்லை, அரைகுறையாக நினைவிலிருக்கும் ஜெபமும் இல்லை. அவ்வளவில் மனம் கசந்து இறங்கிப் போயிருந்தால் இன்று அவர் பெயரை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர் அப்படிச் செய்யாமல், அம்மக்களின் உடை, உணவு, வழிபாடு, மணமுறை ஆகியவற்றைப் பொறுமையாக விசாரித்து ஒரு கடிதம் எழுதினார். தோடர்களைப் பற்றி வெளியுலகத்தார் எழுதிவைத்த முதல் விவரமான குறிப்பு அதுவேயாகும்.

வேதாகமத்தைத் திறக்கும்போது கிறிஸ்தவர்களாகிய எங்களில் பெரும்பாலோர் பெனிசியோ மலையேறிய விதமாகவே அதற்குள் ஏறுகிறோம் என்று நான் நினைப்பதுண்டு. சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதையையும், பிரசங்க மேடையிலிருந்து நூறு தடவை கேட்ட கருத்தையும், எங்கள் சபையின் கொள்கையையும் கையோடு கொண்டுபோய், அவை அங்கே இருக்கின்றன என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பிவிடுகிறோம். புராட்டஸ்டண்டு சபையார் வழங்கும் பிரதியில் 66 புத்தகங்களும் கத்தோலிக்கர் வழங்குவதில் 73 புத்தகங்களும் அடங்கிய இந்த நூல்தொகுதி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக் காலத்தில் பலர் கையால் உருவானது. அதில் சட்டமும் சரித்திரமும் உண்டு. புலம்பலும் கலியாணப் பாட்டும் உண்டு. கோபத்தில் எழுதிய நிருபமும், சிறையிலிருந்து எழுதிய நிருபமும் உண்டு. இவ்வளவு விரிந்த பொருளைக் காலையில் ஒரு வசனம், இரவில் ஒரு வசனம் என்று நறுக்கி உண்டு பழகியவர்களுக்கு, ஆண்டுகள் கழிந்தபின், இதற்குமேல் இதில் என்ன இருக்கிறது என்னும் ஒருவகைச் சலிப்பு உண்டாவது இயல்பே. அந்தச் சலிப்பு வந்த பிறகுதான் ‘ஆழ்ந்த பொருள்’ என்னும் பேச்சு எழுகிறது.

அப்படி எழும்போது இரண்டு வகையான மயக்கங்களும் கூடவே எழுகின்றன. வேதத்தின் எழுத்துக்களுக்கு அடியில் சாமானியர் அறியாத ஏதோ ஓர் இரகசியம் புதைந்து கிடக்கிறது என்றும், எண்களைக் கூட்டிக் கழித்தால் உலக முடிவின் நாள் தெரிந்துவிடும் என்றும் நம்புவது ஒன்று. மூலத்தில் சொல்லியிருப்பது எதுவாயினும் எனக்கு இந்த நிமிஷத்தில் மனதில் பட்டதே இதன் பொருள் என்று முடிவு கட்டுவது மற்றொன்று. முன்னது அபாயமானது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பின்னதுதான் பக்தியின் உடையைத் தரித்து வருவதால் எளிதில் பிடிபடுவதில்லை. என்னுடைய அபிப்பிராயம், ஒரு வசனத்தின் ஆழம் பெரும்பாலும் அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்பது. இதனை விளக்குவதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் அம்மலையில் வேதம் வந்து சேர்ந்த விதமே விசித்திரமானது.

உதகமண்டலத்தில் ஆங்கிலேயர் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட புனித ஸ்தேவான் ஆலயம் 1831ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரங்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் மலையின் பழங்குடிகளுடைய பாஷைகளில் வேதத்தின் ஒரு பகுதியாவது அச்சேறுவதற்கு அதன் பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சென்றன. கேத்திப் பள்ளத்தாக்கில் குடியிருந்த காஸமேஜர் என்னும் ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரி தம் சொத்தைப் படுகர்களின் நன்மைக்காகப் பாசல் மிஷனுக்கு விட்டுச்சென்றார். 1840களின் பிற்பகுதியில் அங்கே வேலை தொடங்கிய அந்த மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் பல்லாண்டுக் காலம் ஊர் ஊராக நடந்து திரிந்தார். முதல் படுகர் ஞானஸ்நானம் பெறுவதற்கே பத்தாண்டுக்கு மேலாயிற்று. மெட்ஸ் போதித்ததைவிடக் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி 1850களில் அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டிப் பார்க்கிறார்கள். கடைசியாக 1890இல் லூக்கா எழுதின சுவிசேஷம் படுக மொழியில், கன்னட எழுத்தில் வெளிவந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1897இல், மாற்கு எழுதின சுவிசேஷம் தோட மொழியில், தமிழ் எழுத்தில் வெளிவந்தது. அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் உதகையில் தோடர் நடுவே நெடுங்காலம் உழைத்த காத்தரின் லிங் அம்மையார்.

இங்கேதான் நான் கவனிக்கும் விஷயம் இருக்கிறது. அன்றைய படுகக் கிறிஸ்தவரின் தாய்மொழியில் இருந்தது ஒரே ஒரு சுவிசேஷம். ஆயிரத்துக்கும் குறைந்த தொகையினரான தோடர்களின் மொழியில் இருந்ததும் ஒரே ஒரு சுவிசேஷம், அதுவும் நான்கில் மிகச் சிறியது. ஆதியாகமம் இல்லை, சங்கீதம் இல்லை, பவுலின் நிருபங்கள் இல்லை. இது வறுமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வறுமைக்குள் ஒரு பெரும் பாக்கியம் மறைந்திருந்தது: ஒரே புத்தகத்தை உடையவன் அதை முதலிலிருந்து கடைசிவரைக்கும் வாசிப்பான்; வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பான்; அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவுவதற்கு அவனுக்கு வேறு புத்தகம் கிடையாது. எழுத்தறியாதவர்கள் மற்றொருவர் வாசிக்கக் கேட்பார்கள். தோடர்களோ வழிவழியாக நீண்ட பாட்டுக்களைக் கேட்டும் பாடியும் பழகியவர்கள், எடுத்த கதையை முடியும்வரை கேட்கத் தெரிந்தவர்கள். சுவிசேஷங்கள் முதன்முதலில் எழுதப்பட்ட காலத்தில் சபையார் அவற்றைப் பெற்றுக்கொண்ட முறையும் இதுவே அல்லவா? அதிகார எண்ணும் வசன எண்ணும் இட்டு நூலைத் துண்டுபடுத்தியது பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்களின் வேலை.

லூக்காவை அப்படித் தொடர்ச்சியாக வாசிப்பவர் எதைக் காண்பார் என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்லுகிறேன். பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதையை அறியாதவர் கிறிஸ்தவரல்லாதாரிலும் சிலரே. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டு அடிபட்டுக் கிடந்தவனை, ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப் போக, யூதரால் இழிவாக எண்ணப்பட்ட சமாரியன் ஒருவன் காயங்கட்டிக் காப்பாற்றுகிறான். கேட்ட நியாயசாஸ்திரியை நோக்கி, நீயும் போய் அவ்விதமே செய் என்ற பொருளில் இயேசு சொல்லி முடிக்கிறார். அடுத்த வரியிலேயே மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகளின் வீடு. மார்த்தாள் பற்பல வேலைகளைச் செய்து தவிக்கிறாள்; மரியாள் ஒன்றும் செய்யாமல் காலடியில் அமர்ந்து கேட்கிறாள்; இயேசுவோ மரியாளின் பக்கம் பேசுகிறார். செய் என்று சொன்ன அதே வாய், அடுத்த வீட்டில், செய்வதை நிறுத்திக் கேள் என்று சொல்லுகிறது! தனித்தனியே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும்போது இரண்டும் இரண்டு நற்போதனைகளாகக் காதோடு நின்றுவிடுகின்றன. அடுத்தடுத்து வைத்துக் கேட்கும்போதோ ஒன்றையொன்று உரசி நம்மை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்கின்றன. அதற்கு மேலும் வாசித்தால், பதினோராம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஜெபம்பண்ணக் கற்றுக்கொடும் என்று சீஷர் கேட்பதும், பரமண்டல ஜெபம் பிறப்பதும் வருகின்றன. செயல், கேள்வி, ஜெபம் என்று லூக்கா கோத்திருக்கும் இந்த மாலையை அறுத்து மணிகளை மட்டும் பொறுக்கிக்கொள்வதற்கு நாம் பழகியிருக்கிறோம்.

இதே கதைக்கு ஹிப்போ நகரத்து ஆயராகிய புனித அகுஸ்தீனார் செய்த வியாக்கியானம் வேறு திசையில் போகிறது. வழிப்போக்கன் ஆதாம், கள்வர் பிசாசும் அவன் தூதரும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் அப்போஸ்தலன். அழகாகத்தான் இருக்கிறது; அந்தப் பேரறிஞரின் பக்தியையும் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் பவுலைச் சத்திரக்காரனாகக் கண்டுபிடித்து மகிழ்ந்துகொண்டிருக்கிறவனுக்கு, தன் தெருவில் அடிபட்டுக் கிடப்பவனைப் பார்க்க அவகாசம் இருக்குமோ என்னவோ! எனக்கு யார் அயலான் என்னும் கேள்விக்கு விடையாகச் சொல்லப்பட்ட கதை என்பதை மறந்துவிட்டால், எவ்வளவு நுட்பமான பொருளும் கதைக்கு வெளியேதான் நிற்கும்.

மாற்குவின் நூல் இன்னும் வியப்பானது. உரக்க வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்நூலின் நட்டநடுவில், பெத்சாயிதாவில், ஒரு குருடனை இயேசு குணமாக்குகிறார். வேறெங்கும் இல்லாத ஒரு விசேஷம் இங்கே உண்டு: முதல் தொடுதலில் அவனுக்குப் பாதிப் பார்வையே வருகிறது; மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தோன்றுகிறார்கள்; இரண்டாம் முறை தொட்ட பிறகே தெளிவாகக் காண்கிறான். இந்தச் சிறு சம்பவத்தைத் தனியே எடுத்துப் படித்த பலர், தேவகுமாரனுக்கு ஒரே முறையில் குணமாக்கும் வல்லமை இல்லையோ என்று குழம்பியிருக்கிறார்கள். ஆனால் அடுத்து வருவதைப் பாருங்கள். நீரே கிறிஸ்து என்று பேதுரு அறிக்கை செய்கிறான்; கிறிஸ்து பாடுபட்டு மரிக்கவேண்டும் என்று கேட்டவுடனே அதே பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறான். பாதிப் பார்வை யாருக்கு என்பது இப்போது விளங்குகிறது. இதையும் சேர்த்து, எருசலேமுக்குப் போகும் பயணத்தில் மும்முறை தம் மரணத்தைப் பற்றி இயேசு பேசுகிறார். மும்முறையும் சீஷர்கள் அதை வாங்கிக்கொள்ளாமல், தங்களில் யார் பெரியவன் என்பது போன்ற விவகாரங்களில் ஈடுபடுகிறார்கள். அந்தப் பயணத்தின் முடிவில், எரிகோவை விட்டுப் புறப்படும் வேளையில், மற்றொரு குருடன், பர்திமேயு, ஒரே வார்த்தையில் பார்வை பெற்று அவருக்குப் பின்னாக வழி நடக்கிறான். ஒரு குருடனில் தொடங்கி மற்றொரு குருடனில் முடியும் இந்தப் பகுதி முழுவதும் கண்ணிருந்தும் காணாதவர்களைப் பற்றியது என்பதை மாற்கு ஓரிடத்திலும் எடுத்துச் சொல்லவில்லை. நூலின் அமைப்பிலே வைத்துவிட்டுப் போய்விட்டார். இதைக் காண்பதற்குக் கிரேக்கப் புலமை வேண்டியதில்லை. ஒரே இருப்பில் மூன்று அதிகாரங்களை வாசிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

பொறுமையைப் பற்றிய பேச்சு வந்ததால், ஆல்ப்ஸ் மலையில் வாழ்ந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியாகிய இரண்டாம் குய்கோவை நினைக்காமல் போக முடியவில்லை. வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், தரிசித்தல் என்று நான்கு படிகள் கொண்ட ஓர் ஏணியாக வேத வாசிப்பை அவர் வருணித்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் நெடுங்காலம் துறவி மடங்களுக்குள்ளேயே பெரிதும் வழங்கிய அந்த முறை, விசுவாசிகள் அனைவரும் வேதத்தை அடிக்கடி வாசிக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வற்புறுத்திய பிறகு, பங்குகளுக்கும் வீடுகளுக்கும் பரவியது. 1955இல் தோன்றிய உதகை மறைமாவட்டத்தின் பங்குகளுக்கும் அந்த அழைப்பு உரியதே. ஏணி என்றவுடன் மேலே ஏறுவதையே எல்லோரும் எண்ணுகிறார்கள். கீழ்ப்படியில் நெடுநேரம் நிற்கவேண்டும் என்பதை எண்ணுவதில்லை. வாசித்தல் என்னும் முதற்படி உறுதியில்லாதபோது, தியானம் என்பது கண்ணை மூடிக்கொண்டு தன் மனதின் பேச்சைத் தானே கேட்பதாக முடிந்துவிடும்.

நீலகிரியையும் உள்ளடக்கிய கோயம்புத்தூர்த் திருமண்டலத்துக்கு, தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபின், 1950இல் முதல் பேராயரானவர் ஏ. ஜே. அப்பாசாமி. அவர் பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் சைவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். முதிர்ந்த வயதில் யோகமுறைத் தியானத்திலும் ஈடுபட்டவர். மைந்தரோ ஆக்ஸ்போர்டில், யோவான் சுவிசேஷத்தின் அனுபூதி நெறியையும் இந்திய பக்தி இலக்கியத்தின் அனுபூதி நெறியையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1922இல் பட்டம் பெற்றார். கிறிஸ்து மார்க்கத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இறையியல் மாணவர்களால் படிக்கப்படுகிறது. ஒரு சத்தியத்தை அறிவதற்குரிய பிரமாணங்கள் எவை என்னும் நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களின் பழைய கேள்வியைக் கிறிஸ்தவ வேதத்தின்மேல் வைத்துப் பார்த்த அவர், சுருதி, யுக்தி, அனுபவம் என்ற மூன்றோடு சபை என்ற நான்காவதையும் சேர்த்தார். இந்த நான்காவதுதான் அவருடைய சிறப்பு என்பேன். சுருதி நம் கையில் இருக்கிறது; யுக்தி எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று ஒப்புக்கொள்பவரை நான் கண்டதில்லை; அனுபவமோ அவரவர் அளவுக்கு உண்டு. ஆனால் என் அனுபவத்துக்கு அகப்படாத பொருள் என் அயலானின் அனுபவத்துக்கு அகப்பட்டிருக்கும் என்பதை உணர்த்துவதற்குச் சபை வேண்டும். பங்களாவில் இருந்துகொண்டு வாசிப்பவருக்கும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடாகிய லயத்தில் இருந்துகொண்டு வாசிப்பவருக்கும் ஒரே அதிகாரம் ஒரே விதமாகப் பேசுவதில்லை. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து வாசித்தால்தான் அந்த வேறுபாடு வெளியே வரும்.

இதற்குத் தக்க உதாரணம் புத்தாண்டு இராத்திரியின் வாக்குத்தத்த வசனம். டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவில், உறைபனி இறங்கும் குளிரில், கம்பளியும் குல்லாயுமாக ஆலயத்தில் கூடும் சபையாருக்கு, ஆராதனை முடிவில் ஆளுக்கொரு அட்டை கிடைக்கும். அந்த ஆண்டுக்கான வசனம் அதில் அச்சாகியிருக்கும். அதை வீட்டுச் சுவரில் மாட்டி, துன்பம் வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துத் தேறுதல் அடைந்தவர்களை நான் பரிகாசம் செய்யமாட்டேன். அப்படி அச்சாகும் வசனங்களுள் மிகுந்த பிரசித்தி பெற்றது எரேமியாவின் புத்தகம் 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம்: தேவன் தம் ஜனங்களைக் குறித்துக் கொண்டிருக்கும் நினைவு கெடுதியானதன்று, சமாதானமும் நம்பிக்கையுள்ள முடிவும் தருவதே என்ற கருத்துடையது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கும், வேலை தேடும் வாலிபனுக்கும், பெண்ணுக்கு வரன் பார்க்கும் தாய்க்கும் அது சொல்லப்படுகிறது. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து கிழித்தெடுத்த வரி என்பதை அட்டை சொல்லுவதில்லை.

கடிதம் யாருக்கு? கிறிஸ்துவுக்கு முன் 597ஆம் ஆண்டில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரால் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி தேவாலயத்தில் எழுந்து நின்று, இரண்டே ஆண்டுகளில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று எல்லா ஜனங்களும் கேட்க முழங்குகிறான். அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா தன் கழுத்தில் மாட்டியிருந்த மரநுகத்தைப் பிடுங்கி முறித்தும் போடுகிறான். ஜனங்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதம் அந்த இனிப்பைக் கலைக்க வந்தது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறையாக்கிக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்று அது சொல்லுகிறது. பிறகு, பிரசித்தமான வசனத்துக்கு நேர்முந்தின வசனத்தில், எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்னரே மீட்பு என்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட வயது வந்த மனிதன் ஒவ்வொருவனும் தன் வயதோடு எழுபதைக் கூட்டிப் பார்த்திருப்பான். அவனுக்கு அந்த வாக்குத்தத்தம் இல்லை. அவன் பேரனுக்கு உண்டு.

இப்போது இந்தக் கடிதத்தைக் கோத்தகிரிப் பக்கத்திலோ கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலோ ஒரு தேயிலைத் தோட்ட லயத்துக்குக் கொண்டுபோவோம். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. யாரும் அவர்களைக் கேட்டுச் செய்த முடிவன்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பல திசைகளுக்கும் பிரிந்தவர்களில் ஒரு பெருந்தொகையினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் அரசாங்கத்தின் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. மலையில் அதனை ‘டேன் டீ’ என்பார்கள். வந்து சேர்ந்தவர்களைச் ‘சிலோன்காரர்கள்’ என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு. இலங்கைத் தோட்டங்களில் 1854 முதல் உழைத்துவந்த தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் கையால் வேதம் கேட்டு வளர்ந்த குடும்பங்களின் வழிவந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அரசாங்கக் காகிதங்களில் அவர்களுடைய பெயர் தாயகம் திரும்பியோர். திரும்பியவர்களில் மிகுதியானவர்கள் இந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை; பிறந்ததும், தந்தையைப் புதைத்ததும் ஹட்டனிலோ பதுளையிலோ. அப்படியானால் எது எருசலேம், எது பாபிலோன்? அட்டை வசனத்தை மாத்திரம் படிக்கிறவனுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. கடிதத்தை முழுதும் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு வரியிலும் இடறும். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது கடிதம். அவர்கள் நாட்டிய தோட்டம் மலை மலையாகப் பச்சை விரிந்து கிடக்கிறது, கனி மட்டும் அன்றைய கூலிக் கணக்கில் வந்து நின்றுவிடுகிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள் என்கிறது. அவர்களோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலிசெய்யவேண்டுமே என்ற கவலையோடு முதுமையை அணுகுகிறவர்கள். ஆக, சரித்திரச் சந்தர்ப்பத்தை அறிந்ததனால் வசனத்தின் ஆறுதல் குறைந்துபோவதாகச் சிலர் அஞ்சுவது வீண். நாற்பது கிலோ பாரத்தை முதுகில் சுமந்து நிற்பவருக்கு, பாரமே இல்லை என்று சொல்லும் ஆறுதல் பயன்படாது. இடம் பெயர்த்து எறியப்பட்டவர்களின் பாரத்தைப் பார்த்தறிந்த ஒருவன் எழுதிய கடிதம் இது என்று தெரிந்தால் அவர் நின்று கேட்கக்கூடும்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். சிலோன்காரர் கதையும் பாபிலோன் கதையும் ஒன்றென்று சாதித்துவிடக்கூடாது. அது அகுஸ்தீனாரின் சத்திரக்காரனைப் போன்ற மற்றொரு கண்டுபிடிப்பாகப் போய்விடும். யூதர் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர்கள். இவர்கள் சமாதான காலத்தில், இரண்டு சர்க்கார்களின் கையெழுத்தால் பிரிக்கப்பட்டவர்கள். யூதரிடம் எரேமியா, உங்கள் பிதாக்களின் பாவத்தின் பலன் இது என்றும் சொல்லியிருந்தான். கொழுந்து பறித்த கைகளை நோக்கி அப்படிச் சொல்ல எவனுக்குத் துணிவு வரும்? ஒப்புமை எங்கே பொருந்துகிறதோ அங்கே ஆறுதலும், எங்கே பொருந்தவில்லையோ அங்கே கேள்வியும் பிறக்கின்றன. இரண்டையும் ஒரே வீட்டு ஜெபக் கூட்டத்தில் வாய்விட்டுப் பேச இடங்கொடுக்கிற சபைதான் அப்பாசாமி சொன்ன சபை. பெரும்பாலான கூட்டங்களில் ஒருவர் பேச மற்றவர் ஆமென் சொல்லுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது என்பது வருத்தத்துக்குரியது. வாசித்து முடித்தபின், இதில் உங்களுக்கு இடறுகிற வரி எது என்று ஒருவர் மற்றவரைக் கேட்கும் வழக்கம் ஏற்பட்டாலே பாதிக் காரியம் நடந்தேறும்.

கடிதத்தின் கதை அத்துடன் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதே 29ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில், பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் அதைக் கேட்டுக் கொதித்தெழுந்து, எருசலேமிலுள்ள செப்பனியா என்னும் ஆசாரியனுக்கு ஒரு பதில் கடிதம் எழுதுகிறான்: இந்தச் சிறையிருப்பு நெடுங்காலம் நிற்கும், வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எழுதுகிற எரேமியாவை நீ ஏன் பிடித்துத் தொழுவில் மாட்டாமல் இருக்கிறாய் என்பது அதன் சாரம். இன்று சுவரில் மாட்டப்படுகிற வார்த்தையை முதன்முதலில் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவனுக்கு அதை எழுதியவனைச் சிறையிலிடத் தோன்றியிருக்கிறது! செப்பனியா அக்கடிதத்தை மறைக்காமல் எரேமியாவின் காது கேட்கவே வாசித்துக் காட்டுகிறான். அதிகாரத்தில் இருப்பது 32 வசனங்கள். அவசரமில்லாமல் உரக்க வாசித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் ஐந்து நிமிடம்.